ஆக்னஸ் கையில் ஆட்டுக்குட்டி வந்தது எப்படி?

[திரையில்: ஆட்டுக்குட்டியை அணைத்து நிற்கும் சிறுமியின் சுரூபம்]

கோவிலில் ஆட்டுக்குட்டியோடு ஒரு சிறுமியின் சுரூபத்தைப் பார்த்தால், பெரும்பாலும் அது புனித ஆக்னஸ்தான். இவர் ஆடு மேய்த்தவர் அல்ல, உரோமை நகரத்துப் பெண். லத்தீனில் 'ஆக்னுஸ்' என்றால் ஆட்டுக்குட்டி. இவர் பெயரோ தூயவள் என்று பொருள்படும் 'ஹாக்னே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. இரண்டும் காதில் ஒன்றுபோல் ஒலிக்க, ஆடு ஒட்டிக்கொண்டது.

[திரையில்: உரோமை நகரின் நொமெந்தானா சாலைப் பேராலயத்தின் மொசைக்]

7-ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை முதலாம் ஹோனோரியுஸ் எழுப்பிய இந்தப் பேராலயத்தில், ஆக்னஸின் கல்லறைக்கு மேலே உள்ள மொசைக்கைப் பாருங்கள். அரசியைப் போல உடை, நகை. ஆடு கிடையாது. காலடியில் தீயும் வாளும். ஏன் இரண்டும்?

விசுவாசத்துக்காக அவர் எப்படிக் கொல்லப்பட்டார் என்பதில் சாட்சிகள் ஒத்துப்போகாததுதான் காரணம். ஆயர் அம்புரோஸ், 377 வாக்கில், ஆக்னஸ் 12 வயதில் வாளுக்கு இரையானார் என்கிறார். விலங்கு மாட்டப் பார்த்தார்களாம். அந்தச் சின்னக் கைகளுக்குப் பொருந்தும் அளவில் விலங்கே இல்லையாம். அதே காலத்துத் திருத்தந்தை தமாசுஸ் பளிங்கில் வெட்டிவைத்த கவிதையில் வாளைப் பற்றிப் பேச்சே இல்லை, நெருப்புதான். பின்னால் வந்த வரலாற்று நூல் இரண்டையும் சேர்த்துவிட்டது: தீ விலகியது, பிறகு வாள். தமாசுஸின் அந்தப் பளிங்குக் கல் 1728-இல் கிடைத்தது. இன்றும் இதே பேராலயத்தில் படிக்கலாம்.

கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய எந்தக் கலாபனையில் இறந்தார் என்பதிலும் இழுபறி உண்டு. உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் காலம் என்பது வழக்கமான கணக்கு. நினைவு நாளும் கல்லறை இடமும் மட்டும் உறுதி. 354-ஆம் ஆண்டு உரோமை மறைசாட்சிகள் பட்டியலிலேயே ஜனவரி 21, நொமெந்தானா சாலை என்று இருக்கிறது.

[திரையில்: பூச்சூடிய இரு ஆட்டுக்குட்டிகள்]

ஒலியால் வந்த ஆடு வழிபாட்டிலும் நிலைத்துவிட்டது. ஆண்டுதோறும் ஜனவரி 21 அன்று இரண்டு ஆட்டுக்குட்டிகளை மந்திரிக்கிறார்கள்: ஒன்றுக்குக் கன்னிமையைக் குறிக்கும் வெள்ளைப் பூ, மற்றதற்கு மறைசாட்சியத்தைக் குறிக்கும் சிவப்பு. கம்பளி, பால்லியம் என்ற தோள்பட்டை நெய்யப் போகும். கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம், முன்னும் பின்னும் தொங்கும் பட்டை, ஆறு கறுப்புச் சிலுவைகள். ஜூன் 29-இல், நம் பெரியவர்கள் சொல்லும் இராயப்பர் சின்னப்பர் (பேதுரு, பவுல்) திருநாளில், திருத்தந்தை அவற்றை மந்திரிப்பார். சென்னை–மயிலை, மதுரைப் பேராயர்கள் திருப்பலியில் தோளில் அணிவது இதைத்தான்.

உரோமைக்குப் போகிறவர்கள் அடிக்கடி தவறுவது ஓரிடத்தில். நவோனா சதுக்கத்திலும் ஆக்னஸ் ஆலயம் உண்டு, பெயர் 'இன் அகோனே'. வேதனை என்று அர்த்தம் செய்யாதீர்கள்; அங்கே இருந்த விளையாட்டரங்கின் போட்டிகளைக் குறிக்கும் சொல் அது. அங்கே திருப்பண்டமாக வைத்திருப்பது ஆக்னஸின் மண்டையோடு. கல்லறை, மொசைக், தமாசுஸின் கல் மூன்றையும் பார்க்க நொமெந்தானா சாலைக்குத்தான் போக வேண்டும்.