பிரிகை வீதம் 134 சதவீதம் வருமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி, பிளஸ் டூ படிக்கிற ஒரு மாணவி அனுப்பியிருக்காங்க. "சார், 10 பவர் மைனஸ் 5 மோலார் அசிட்டிக் அமிலத்துக்குப் பிரிகை வீதம் கண்டுபிடிச்சேன். ஆல்ஃபா ஈக்குவல் டு ரூட் ஆஃப் கேஏ பை சி-ன்னு போட்டா 1.34 வருது. 134 சதவீதம் எப்படி சார் பிரியும்? திரும்பத் திரும்பப் போட்டாலும் அதேதான் வருது."

ரொம்ப நல்ல கேள்விம்மா. விடையைப் பார்த்ததும் இது நடக்காதேன்னு உங்களுக்குத் தோணுச்சு பாருங்க, அதுக்கே பாதி மார்க் போடலாம். நிறைய பேர் கால்குலேட்டர் காட்டுறதை அப்படியே எழுதிட்டுப் போயிடறாங்க. நூறு மூலக்கூறு போட்டா நூறுதான் பிரிய முடியும், 134 பிரியாது.

உங்க கூட்டல் கழித்தல்ல தப்பே இல்ல. அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். ஆல்ஃபாங்கிறது பிரிகை வீதம், அதாவது போட்ட அமிலத்துல அயனிகளா பிரிஞ்ச பங்கு. கேஏ அந்த அமிலத்தோட பிரிகை மாறிலி, சி கரைசலோட செறிவு. ஆஸ்வால்டு நீர்த்தல் விதியோட முழு வடிவம் என்ன? கேஏ ஈக்குவல் டு ஆல்ஃபா ஸ்கொயர் சி, பை 1 மைனஸ் ஆல்ஃபா. கீழ இருக்கிற அந்த 1 மைனஸ் ஆல்ஃபாங்கிறது பிரியாம மிச்சம் இருக்கிற அமிலம். ஆல்ஃபா ரொம்பச் சின்னதா இருந்தா அதை 1-ன்னே வச்சுக்கலாம்னு விட்டுடறோம். அப்ப கிடைக்கிறதுதான் உங்க ரூட் சூத்திரம்.

25 டிகிரி செல்சியஸ்ல அசிட்டிக் அமிலத்துக்கு கேஏ 1.8 இன்ட்டு 10 பவர் மைனஸ் 5. செறிவு 0.1 மோலார்னா ஆல்ஃபா 0.0134, அதாவது 1.34 சதவீதம். கிட்டத்தட்ட 99 பங்கு பிரியாமலே இருக்கு, அதனால விட்டது தப்பில்ல. உங்க கணக்குல செறிவு கேஏ-வை விடவே குறைவு! அமிலத்துல பெரும்பகுதி பிரிஞ்சிடும். அங்க போய் பிரியாத அமிலம் முழுசா அப்படியே இருக்குன்னு எடுத்துக்கிட்டோம்னா சூத்திரம் என்ன பண்ணும், பாவம்?

சரி, முழுச் சமன்பாட்டைப் போடுவோம். கேஏ பை சி 1.8. அப்ப ஆல்ஃபா ஸ்கொயர் பிளஸ் 1.8 ஆல்ஃபா மைனஸ் 1.8 ஈக்குவல் டு 0. இருபடிச் சமன்பாடு. ரூட்டுக்குள்ள 3.24 பிளஸ் 7.2, 10.44. அதோட ரூட் 3.231. அதுல 1.8 போனா 1.431, பாதி 0.716. இன்னொரு மூலம் மைனஸ்ல வரும், அது வேண்டாம். ஆக 71.6 சதவீதம். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 7.16 இன்ட்டு 10 பவர் மைனஸ் 6, பிஹெச் 5.15.

ஆஸ்வால்டு 1888-ல இந்த விதியைச் சொன்னப்போ, கரைசலோட மின்கடத்துத்திறனை வச்சுத்தான் ஆல்ஃபாவைக் கணக்கிட்டார். முழுசா பிரிஞ்சா எவ்வளவு கடத்தும், இப்ப எவ்வளவு கடத்துது, அந்த விகிதம்தான் ஆல்ஃபா. அதனால அது 1-ஐத் தாண்ட வழியே இல்ல.

தண்ணி ஊத்தினா ஏன் அதிகமா பிரியுதுன்னும் கேட்டிருக்கீங்க. பிரியறதுக்கு ஒரு அமில மூலக்கூறு போதும், சுத்தி தண்ணி தாராளமா இருக்கு. திரும்பச் சேரணும்னா ஹைட்ரஜன் அயனியும் அசிட்டேட் அயனியும் சந்திச்சாகணும். பத்து மடங்கு நீர்த்தா பிரியற வேகம் பத்துல ஒண்ணாகும், சேர்ற வேகம் நூறுல ஒண்ணாகும். பிரியற பக்கம் ஜெயிக்குது, புதுச் சமநிலை அந்தப் பக்கமா நகருது. ஆனா அமிலத்தன்மை கூடிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க. பிஹெச் குறைஞ்சா அமிலத்தன்மை அதிகம்னு அர்த்தம். 0.1 மோலார்ல 1.34 சதவீதம்தான் பிரிஞ்சும் பிஹெச் 2.87, உங்க நீர்த்த கரைசல்ல 71.6 சதவீதம் பிரிஞ்சும் 5.15. பிரியற பங்கு கூடுது, லிட்டருக்கு இருக்கிற ஹைட்ரஜன் அயனி குறையுது.

எப்ப ரூட் சூத்திரம் போடலாம்? செறிவை கேஏ-ஆல வகுத்துப் பாருங்க. 400-க்கு மேல வந்தா தாராளமா போடுங்க, ஆல்ஃபா 5 சதவீதத்துக்குள்ளதான் இருக்கும். குறைஞ்சா இருபடிச் சமன்பாடு. தேர்வு அவசரத்துலயும் இந்த ஒரு வகுத்தலை விட்டுடாதீங்க.

ஒண்ணு போட்டுப் பாருங்கம்மா. 0.001 மோலார் ஃபார்மிக் அமிலம், கேஏ 1.8 இன்ட்டு 10 பவர் மைனஸ் 4. விடை 0.34 வரணும். 0.42 வந்துச்சுன்னா மறுபடியும் ரூட் சூத்திரத்துக்கே போயிட்டீங்கன்னு அர்த்தம்.