சண்டைக்காரர்களுக்கு ஒரு மரியாதை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் நண்பர் வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்ப்பது எங்கள் வழக்கம். போன மாதம் க்வென்டின் டரான்டினோ இயக்கிய ‘கில் பில்’ படத்தின் இரண்டு பாகங்களையும் ஒரே மூச்சில் பார்த்தோம். 2003இல் ஒன்று, 2004இல் ஒன்று என வந்தவை. திருமண ஒத்திகையின்போது தன்னைச் சுட்டுப் போட்டவர்களை ஒரு பெண் தேடிப் போய்ப் பழி தீர்க்கிறாள். கதை அவ்வளவுதான்.

விளக்கைப் போட்டதும் ஆளுக்கொரு பக்கம் பேச ஆரம்பித்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் இப்படி ஒரு படத்தைப் பார்த்ததே இல்லை என்றார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அந்த ரத்தத்தைத் தாங்க முடியவில்லை. பாதியில் எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துவிட்டார். “எல்லாமே அங்கங்கே எடுத்ததுதானே, இவர் சொந்தமாக என்ன செய்தார்?” என்று கேட்டார் இன்னொருவர்.

அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. படம் தொடங்கும்போதே குங்ஃபூ படங்கள் எடுத்த ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனத்தின் பழைய முத்திரை வருகிறது. கதாநாயகி உமா தர்மன் போட்டிருக்கும் கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் உடை புரூஸ் லீயுடையது. அவர் 1973இல் இறந்துபோய், முடிக்காமல் விட்ட படம் 1978இல் வெளிவந்தபோது உலகம் பார்த்த உடை அது. பனியில் வாளோடு பழிவாங்க நிற்கும் பெண் 1973இல் வந்த ஒரு ஜப்பானியப் படத்தை நினைவுபடுத்துகிறாள். பீய்ச்சியடிக்கும் ரத்தம்கூட ஜப்பானிய வாள் சண்டைப் படங்களின் பழைய வழக்கம்தான். நடுவில் ஒரு பகுதி முழுக்க அனிமேஷனில் வருகிறது. “நம்ம ‘ஆளவந்தான்’ 2001லேயே கொலைக் காட்சியில் அனிமேஷனைக் கலந்துடுச்சே” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். உண்மைதான்.

ஆனால் எதை எடுத்தார் என்பதோடு யாரை அழைத்தார் என்பதையும் பார்க்க வேண்டும். என் மனசு இந்தப் படத்தின் பக்கம் சாய்வது அதனால்தான்.

கார்டன் லியூ என்ற நடிகரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1978இல் வந்த ஷாவ்லின் 36ஆவது அறை பற்றிய படத்தில், சண்டைக் கலை சொல்லித்தரும் ஷாவ்லின் மடத்தில் அவர் மாணவர். இரண்டு கைகளையும் விரித்தபடி தண்ணீர் வாளிகளைச் சுமப்பார். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி மேற்கையில் கத்தியைக் கட்டியிருப்பார்கள். அதே மனிதரைக் கால் நூற்றாண்டு கழித்துக் கூப்பிட்டு, வெள்ளைத் தாடி ஒட்டி, பை மெய் என்ற குருவாக உட்கார வைத்தார் டரான்டினோ. இப்போது தண்ணீர் சுமப்பது அவரிடம் பயிற்சி பெறும் கதாநாயகி. வாள் செய்து கொடுப்பவராக வரும் சோனி சிபா, ஜப்பானியத் தொலைக்காட்சியில் 1980 வாக்கில் ஹட்டோரி ஹான்ஸோ என்ற பாத்திரத்தில் நடித்தவர். இதிலும் அவருக்கு அதே பெயர். சண்டைப் பயிற்சிக்கு ஜாக்கி சானின் ஆரம்பகாலப் படங்களை இயக்கிய யுவென் வூ-பிங். பழைய ஆட்களின் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களை வெளியே நிறுத்தாமல், கூப்பிட்டு வேலையும் இடமும் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அந்த மாடியில் இதை நான் சொன்னேன்; பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருந்த சிலம்ப ஆசான் ஒருவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது. “தம்பி, அந்தப் பெரிய சண்டையில காலடியையே காட்ட மாட்டேங்குறானே. எத்தனை பேர் விழுந்தா எனக்கென்ன? எங்க நிக்கிறா, எப்படி அடி மாத்துறான்னு தெரிய வேணாமா?” சிலம்பத்தில் கையில் கம்பு வருவதற்கு முன்னால் காலடிதான். மணலில் அதை ஆடி ஆடிப் பழகியவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் பனித் தோட்டத்துச் சண்டையை அவர் ரசித்துப் பார்த்தார். அந்தத் தோட்டத்தில் ஒரு மூங்கில் குழாய் இருக்கிறது. தண்ணீர் நிரம்பியதும் கனம் தாங்காமல் சாய்ந்து கொட்டிவிட்டு, திரும்பும்போது கல்லில் ‘டொக்’ என்று இடிக்கும். வாள் பேசாத நேரத்தில் அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். இரண்டு பெண்களும் எடையை எந்தக் காலில் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க நமக்கு நேரம் கிடைக்கிறது. “இது சண்டை” என்றார் ஆசான்.

இரண்டாம் பாகத்தில் ஒரு சாப்பாட்டுக் காட்சி. பலகையைக் குத்திக் குத்தி மரத்துப்போன விரல்களால் சாப்பாட்டுக் குச்சியைப் பிடிக்க முடியாமல், அவள் சோற்றைக் கையால் அள்ளுகிறாள். குரு தட்டிவிட்டு, நாய் மாதிரி சாப்பிடுகிறாய் என்கிறார். எங்கள் மாடியில் அது பலருக்குச் சுருக்கென்று தைத்தது. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள் அல்லவா? எனக்கும் தைத்தது. அந்தக் குருவின் கொடுமையைக் காட்டத்தான் அந்தக் காட்சி என்றாலும், படத்தை எடுத்தவர் நம்மைப் போன்ற பார்வையாளர்களை நினைத்துப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது.

இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. படப்பிடிப்பில் உமா தர்மனையே கார் ஓட்ட வைத்து, வண்டி மரத்தில் மோதி, அவருக்குக் கழுத்திலும் முழங்காலிலும் அடி. 2018இல் அவரே இதை வெளியில் சொன்னார். இயக்குநரும் தன் வாழ்க்கையில் பெரிதாக வருந்தும் விஷயங்களில் அது ஒன்று என்றார். சண்டைக்காரர்களின் உடம்புக்கு மரியாதை செய்த படத்தில் கதாநாயகியின் உடம்புக்கு அந்தக் கவனம் இல்லாமல் போனது. படம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் இதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன்.

உமா தர்மனுக்கு டூப் போட்டவர் ஸோயி பெல். 2007இல் வந்த படத்தில் அவரை ஸோயி பெல்லாகவே, சொந்தப் பெயரிலேயே நடிக்க வைத்தார் டரான்டினோ. டூப் போட்டவருக்கு முகம் கிடைப்பது சினிமாவில் எவ்வளவு அரிது! நம் நாட்டில் சண்டைப் பயிற்சியாளருக்குத் தேசிய விருது வந்ததே 2016ஆம் ஆண்டின் படங்களிலிருந்துதான். ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் முதலில் வாங்கினார். ஆஸ்கரில் 2028இல்தான் வரப்போகிறது. எம்.ஜி.ஆர். கம்பு சுற்றிய காட்சிகளை இன்றைக்கும் கைதட்டிப் பார்க்கிறோம். எதிரில் நின்று அடி வாங்கி விழுந்தவர்களின் பெயர்களை யாராவது எழுதி வைத்தோமா? கடலூர் பக்கத்திலும் புதுச்சேரியிலும் இன்னும் கம்பு பிடிக்கும் ஆசான்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, காலடியை முழுசாகக் காட்டி ஒரு தமிழ்ப் படம் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

‘கில் பில்’ பார்க்காதவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் கார்டன் லியூ நடித்த அந்த 1978ஆம் ஆண்டுப் படத்தைப் பாருங்கள், அப்புறம் இதற்கு வாருங்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு போடுங்கள்.

நன்றி, வணக்கம்.