"இங்கே இருக்கக் கூடாது" என்று சொன்ன ஊர்

(தோக்கியோ, எதோகாவா வார்டில் பொங்கல் விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, விடுமுறை நாளிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வார்டு அலுவலக நண்பர்களே, நாங்கள் புதிதாக வந்தபோது புளிக்கும் பருப்புக்கும் கடை காட்டிய மூத்தவர்களே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று இத்தனை பேருக்கும் பொங்கல் வைத்த சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். என்னைப் பற்றித் தலைவர் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு நன்றி.

அரிசி, வெள்ளம், பிள்ளைகளின் படிப்பு என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "ஊரோடு ஒத்து வாழ்" என்பார் என் பாட்டி. இங்கே வரும் புரியாத செய்திகளுக்கெல்லாம் நான் அதைத்தான் பிடித்துக்கொள்கிறேன்.

2024 ஆகஸ்டில் கடைகளில் அரிசி அடுக்கு காலியாகக் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 8ஆம் தேதி தென் ஜப்பானின் ஹ்யூகா கடலில் 7.1 அளவில் நிலநடுக்கம். கடலடியில் இருக்கும் நன்காய்ப் பள்ளத்தில் பெரிய நிலநடுக்கம் வரும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்று முதல்முறையாக அறிவித்தார்கள். கூடவே, அன்றாட வேலையை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார்கள். பயப்படுவதா, பேசாமல் இருப்பதா? முந்தைய கோடையின் வெயிலில் நெல் ஏற்கெனவே அடிபட்டிருந்தது. இந்த அறிவிப்பும் வந்ததும் ஆளுக்கொரு மூட்டை வாங்கி வைத்தார்கள். மறு வருடம் ஐந்து கிலோ 4,000 யென்னைத் தாண்டியது. தான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் தருகிறார்கள் என்று பேசிய விவசாய அமைச்சர் எதோ தாக்கு என்பவர் 2025 மே மாதம் பதவி விலகினார். சோறு தின்னும் நமக்கு மக்களின் அந்தக் கோபம் புரியாதா? அந்த நாட்களில் எந்தக் கடைக்கு எப்போது அரிசி வரும் என்று எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மாள்தான்.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன். 2019 மே மாதம் நம் வார்டு ஒரு வெள்ள அபாய வரைபடம் வெளியிட்டது. அதன் அட்டையிலேயே "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சிட்டிருந்தார்கள். வரி வாங்கும் ஊரே நம்மைப் போகச் சொல்கிறதே என்று பலர் திகைத்தோம். ஆனால் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கம் அராகாவா ஆறு, அந்தப் பக்கம் எதோகாவா ஆறு, தெற்கே கடல். வார்டில் சுமார் 70 சதவீத நிலம் கடல் ஓதம் ஏறும்போது கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் வாரக்கணக்கில் வடியாது. இதை மறைக்காமல் அட்டையிலேயே போட்ட வார்டு அலுவலகத்தை நான் வணங்குகிறேன்.

அந்த வருடமே அக்டோபர் 12, ஹகிபிஸ் புயல். என் நண்பர் வீட்டுக்குக் கும்பகோணத்திலிருந்து அவருடைய அம்மா வந்திருந்தார். இங்கே சாயங்காலமானால் தெரு ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வருமில்லையா? பக்கத்தில் ஏதோ கோயில் என்று அந்த அம்மா முடிவு செய்துவிட்டார். பாட்டு கேட்டதும் விளக்கேற்றுவார், கையெடுத்துக் கும்பிடுவார், மருமகளையும் கூப்பிட்டு நிறுத்துவார். "தினமும் நேரம் தவறாம பூஜை பண்றாங்கடா" என்று மகனிடம் பெருமையாகச் சொல்வார். புயலன்று அதே ஒலிபெருக்கியிலிருந்து பாட்டு வரவில்லை, பேச்சு வந்தது. மழை இரைச்சலில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதியும் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. "என்னடா சொல்றான்?" என்று அம்மா கேட்கிறார், மகன் முழிக்கிறார். அப்போது கதவைத் தட்டியது யார்? ச்சோனாய்காய் என்கிற அக்கம்பக்கத்துச் சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர். மழைக்கோட்டோடு நின்று, புயலுக்கு ஒதுங்க வேண்டிய பள்ளிக்கூடம் இருக்கும் திசையைக் கையால் காட்டி, அம்மாவின் பையையும் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். அன்றாடப் பாட்டே அந்த ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் என்பது பள்ளிக்கூடத்தில்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

ஊரோடு ஒத்து வாழ் என்றால் இதுதான் ஐயா! அந்தச் சங்கத்தில் நம்மவர் எத்தனை பேர் இருக்கிறோம்? கட்டாயமில்லை என்பதால் சேராமல் இருக்கிறோம். சந்தா பெரிய தொகை அல்ல. பெரியவர்களுக்கு வயதாகிறது, தண்ணீர்ப் பெட்டி தூக்க ஆள் இல்லை என்கிறார்கள். நம்மிடம் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசல் மேசையில் சங்கத்தின் சேர்க்கைப் படிவங்கள் இருக்கின்றன. ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களுக்கு நானே உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.