சொகுசு ரீஹேப் பார்க்கப் போறீங்களா? ராத்திரி அங்க யார் இருப்பாங்கன்னு முதல்ல கேளுங்க

வணக்கம். இன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். தனி அறை, நீச்சல் குளம், மசாஜ், குதிரைகளோட பழகுற தெரபி, தனி சமையல்காரர், இப்படி எல்லா வசதியும் உள்ள போதை மறுவாழ்வு மையம் இருக்கு பாருங்க, அங்க வீட்ல ஒருத்தரைச் சேர்க்கலாமா, அவ்வளவு பணம் கட்டலாமான்னு யோசிக்கிறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. எங்க அண்ணனுக்காக இடம் தேடி அலைஞ்சவன் நான். அதனால இதை மேலோட்டமா பேச எனக்கு மனசு வராது.

வசதியை நான் குறை சொல்ல மாட்டேன். உடம்பு நடுங்கி, தலை குனிஞ்சு வர்றவருக்கு சுத்தமான படுக்கையும் மரியாதையான பேச்சும் கிடைச்சா, பாதியில எழுந்து போகாம இருக்க அது உதவும். ஆனா அறை வைத்தியம் பார்க்காது. நீங்க கட்டுற பணம் டாக்டரோட நேரமா, நர்ஸோட நேரமா, கவுன்சிலரோட நேரமா திரும்பி வருதா? நான் பார்க்கிறது அது ஒண்ணுதான்.

முதல்ல குடியை எடுத்துக்கோங்க. ரொம்ப நாளா தினமும் நிறைய குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா, 6 மணி நேரத்துலயே கைநடுக்கம், வேர்வை, படபடப்பு ஆரம்பிக்கலாம். முதல் 2 நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம். 2 நாள்லேர்ந்து 4 நாளுக்குள்ள சிலருக்கு டெலிரியம் வந்துடும். இடம், நேரம் எல்லாம் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கவனிக்காம விட்டா உயிரே போகும். தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரைன்னு டயசிபாம் வகையை ரொம்ப நாள் எடுத்துக்கிட்டவங்களுக்கும் இதே ஆபத்துதான். அதை மெல்ல மெல்லத்தான் குறைக்கணும்.

அதனால சுத்திக் காட்ட வர்றவர்கிட்ட, "ராத்திரி 2 மணிக்கு ஃபிட்ஸ் வந்தா யார் ஓடி வருவாங்க?"ன்னு கேளுங்க. முழிச்சிருக்கிற நர்ஸ் இருக்காங்களா? டாக்டர் வளாகத்துலயே இருக்காரா, ஃபோன்ல மட்டும் கிடைப்பாரா? ஐசியூ உள்ள ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? மலை மேல, கடல் ஓரம்னு விளம்பரத்துல அழகா தெரியுற இடத்துல இந்தத் தூரம்தான் எனக்குப் பயமா இருக்கும். குடியை நிறுத்துறவங்களுக்கு சீவா ஸ்கோர், அதாவது குடியை நிறுத்தினதால வர்ற நடுக்கம், வேர்வை எல்லாம் எவ்வளவு கடுமைன்னு அளக்குற மதிப்பெண், போட்டுப் பார்க்கிறாங்களா, தயமின் கொடுக்கிறாங்களான்னும் கேளுங்க. தயமின்னா வைட்டமின் பி1. அது கம்மியானா மூளையே பாதிக்கப்படும். இதுக்கெல்லாம் பட்டுன்னு பதில் வரணும். "அதெல்லாம் எங்க டீம் பார்த்துக்கும்"னு சொன்னா, அந்த டீம்ல யார் யார் இருக்காங்க, என்ன படிச்சிருக்காங்கன்னு விடாம கேளுங்க.

ஹெராயின், வலி மாத்திரை மாதிரி ஓபியாய்டு பழக்கம்னா ஆபத்து வேற பக்கம் இருக்கு. உள்ள இருக்கிற நாள்கள்ல உடம்போட தாங்குற சக்தி குறைஞ்சிடும். வெளிய வந்து பழைய அளவையே எடுத்தா மூச்சு நின்னுடலாம். நல்லா தேறி வீட்டுக்கு வந்தவர், வந்த கொஞ்ச நாள்ல போயிட்டார்னு கேள்விப்படுறதுக்கு இது பெரிய காரணம். இதுக்கு மெத்தடோன், புப்ரினார்ஃபின்னு மருந்து இருக்கு. 2005லயே உலக சுகாதார நிறுவனம் ரெண்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்துடுச்சு. அப்படி இருக்கும்போது, "நாங்க மருந்தே கொடுக்க மாட்டோம், முழுக்க இயற்கை முறை"ன்னு ஒரு மையம் பெருமையா சொன்னா, ஓபியாய்டு பழக்கம் உள்ளவரை நான் அங்க சேர்க்க மாட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது, ஓபியாய்டு அளவு மீறி மூச்சு நிக்கப் போனா அதை மாத்துற நலாக்சோன் மருந்தைக் கொடுத்து, எப்படிப் போடணும்னு குடும்பத்துக்குச் சொல்லித் தர்றாங்களான்னும் பாருங்க. குடிப்பழக்கத்துக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட்னு மருந்து இருக்கு. அந்தப் பேச்சே எடுக்காத இடம்னா ஏன்னு கேளுங்க.

அடுத்தது, ஒரு வாரத்தோட டைம்டேபிள் வாங்கிப் பாருங்க. யோகா, ஸ்பா, நடைப்பயிற்சியைக் கழிச்சிட்டு மிச்சம் என்ன இருக்கு? தகுதியுள்ள தெரபிஸ்டோட தனியா உக்காந்து பேசுறது வாரத்துல எத்தனை தடவை? சிபிடி, அதாவது யோசிக்கிற விதத்தையும் நடந்துக்கிற விதத்தையும் மாத்தப் பழக்குற பேச்சு சிகிச்சை, செய்றாங்களா? மனச்சோர்வு, பைபோலார் கூடவே இருக்கான்னு சைக்கியாட்ரிஸ்ட் நேர்ல பார்க்கிறாரா? மெத், கொக்கெய்ன் பழக்கத்துக்கு நிரூபிச்ச மருந்து இன்னும் இல்லாததால, அங்க இந்தப் பேச்சு சிகிச்சையும், சுத்தமா இருக்கிற ஒவ்வொரு டெஸ்டுக்கும் சின்னப் பரிசு கொடுக்கிற முறையும்தான் முக்கியம்.

விலை கூடின இடத்துக்குன்னே ஒரு பிரச்சனையும் உண்டு. அங்க நோயாளிதான் வாடிக்கையாளர். அவர் முகம் சுளிக்கக் கூடாதுன்னு ஊழியர்கள் வளைஞ்சு கொடுப்பாங்க. லேப்டாப் கேட்டா கொடுப்பாங்க, எல்லாரும் சேர்ந்து உக்காந்து பேசுற குரூப் தெரபி வேண்டாம்னா விட்டுடுவாங்க. "ஒருத்தர் குரூப்புக்கு வர மறுத்தா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. அந்தப் பதில்லயே பாதி தெரிஞ்சிடும்.

"எங்க வெற்றி 90 சதவீதம்"னு சொல்றவங்ககிட்ட, எப்ப எண்ணினீங்க, பாதியில போனவங்களைக் கணக்குல சேர்த்தீங்களான்னு கேளுங்க. அமெரிக்காவோட போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் நைடா, சிகிச்சைக்குப் பிறகு 40லேர்ந்து 60 சதவீதம் பேர் மறுபடி பழக்கத்துக்குத் திரும்புறாங்கன்னு சொல்லுது. ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா திரும்ப வர்ற மாதிரிதான் இது. 90 நாளுக்குக் குறைஞ்ச சிகிச்சையோட பலன் குறைவுன்னும் அவங்க சொல்லியிருக்காங்க. அதனால 28 நாள் பேக்கேஜ் வாங்குறதுன்னா, 29வது நாள்லேர்ந்து யார் பார்க்கப் போறாங்க, முதல் அப்பாயின்ட்மென்ட் என்னைக்குன்னு எழுத்துல வாங்குங்க. கைல ஒரு தொகைதான் இருக்குன்னா, அறையைச் சாதாரணமாக்கிட்டு அந்த மிச்சத்தை வெளிய வந்தப்புறம் ஒரு வருஷத்து சிகிச்சைக்கு வைக்கச் சொல்வேன்.

பணம் திரும்ப வர்ற விதி, குடும்பத்தோட பேசுற உரிமை, அவரா கிளம்பணும்னா என்ன நடக்கும், இதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னாடியே படிச்சிடுங்க. சேர்க்கிறதுக்கு முன்னாடி நேர்ல வந்து பார்க்கக் கூடாதுன்னா, அங்க வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. இதைக் கேட்டுக்கிட்டிருக்கும்போதே உங்க வீட்ல ஒருத்தர் குடியை நிறுத்திட்டு நடுங்கிக்கிட்டு இருந்தா, குழம்பிப் பேசினா, ஃபிட்ஸ் வந்திருந்தா, எந்த மையத்தையும் தேடாதீங்க. வீடியோவை நிறுத்திட்டு பக்கத்து ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. மையத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.