தன் தசையும் பிற தசையும்

அவைத்தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியப் பெருமக்களே, வேலைப்பளுவிலும் வந்து வாழ்த்திய மாவட்ட அலுவலர் அவர்களே, செவிலியர் மாணவிகளே, அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெற்றோர்களே, அதியமான் ஆண்ட தகடூர் மண்ணின் மக்களே, வணக்கம்.

‘தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்’ என்பார்கள். எலிக்கும் அது பொருந்தும். ஓர் எலியிலிருந்து எடுத்து இன்னோர் எலியில் நட்ட கட்டி எப்படி வளர்கிறது, எப்படி உருமாறுகிறது, மருந்தாய்வுக்கு எப்படி உதவுகிறது என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

1953இல் அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வகம். லெராய் ஸ்டீவன்ஸ் சிகரெட்டின் கேட்டை எலிகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். ‘129’ என்ற இனத்து எலி ஒன்றுக்கு விதைப்பை வீங்கியிருந்தது. அறுத்துப் பார்த்தார். உள்ளே என்ன? முடி! எலும்பு! தசை! நரம்புத் திசு! ஒரே கட்டிக்குள் இத்தனையும் தாறுமாறாகக் கிடந்தன. சிகரெட்டை விட்டுவிட்டு அந்தக் கட்டியின் பின்னாலேயே போனார். அந்த இனத்தில் நூறு ஆண் எலிக்கு ஒன்றில் அது தானாகவே வந்தது. அதே இனத்தில் எடுத்து நட்டால் வளர்ந்தது. 1964இல் கிளைன்ஸ்மித்தும் பியர்ஸும் இதே வகைக் கட்டியிலிருந்து ஒற்றைச் செல்லை நட்டார்கள். அதிலிருந்தே பலவகைத் திசுக்கள் வந்தன.

வேற்றின எலியில் கதை வேறு. சி57 கருப்பெலியின் கட்டியை வெள்ளை பால்ப்-சி எலியின் விலாத்தோலுக்கு அடியில் நட்டால், முதல் வாரம் வளரும். பிறகு டி-செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளணுக்கள் சூழ்ந்து கரைத்துவிடும். எச்-2 என்ற, செல்லின் மேலிருக்கும் அடையாளம் பொருந்தாததே காரணம். மூன்றாம் நாள் கையில் தட்டுப்படுகிறதே என்று ‘பிடித்துவிட்டது’ என எழுதிவிடாதீர்கள், மாணவர்களே. வாரம் இருமுறை காலிப்பர் என்ற அளவுகோலால் கட்டியை அளந்து, பல வாரம் பாருங்கள். அதே பத்து லட்சம் செல்களைச் சொந்த இன எலிக்கும் ஊசி போடுங்கள். அங்கும் வளராவிட்டால் குற்றம் இனத்தில் இல்லை. செல்களைப் பிரிக்கப் பயன்படும் டிரிப்சின் நொதியில் அதிக நேரம் கிடந்து செல் செத்திருக்கலாம். இன்னொன்று: இந்தக் கட்டிக்குள் பலவகைத் திசுவாக உருமாறக்கூடிய, முதிராத கருப்புற்றுச் செல்லில் எச்-2 ஏறக்குறையத் தெரியாது, உருமாறி முதிரும்போதுதான் வெளிப்படும்.

மனிதரில் எச்-2வின் இதே வேலையைச் செய்வது எச்.எல்.ஏ. என்ற அடையாளம். தன் தசை ஆடும், உண்மை. ஆனால் பெற்ற தாயின் தசையே பிள்ளைக்குப் பாதிதான் பொருந்தும். உடன்பிறந்தவரில் முழுப் பொருத்தம் நாலில் ஒன்று. மாதாமாதம் ரத்தம் ஏற்றி, உடம்பில் இரும்பு சேர்ந்து வாடும் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய்ப் பிள்ளைக்கு மாற்று மஜ்ஜை தர வீட்டில் பொருத்தம் இல்லையென்றால் யாரிடம் போவது? அதனால்தான் மூன்றாவது செய்தியை விட்டுவிட்டு உங்களிடம் கேட்கிறேன். 18 வயது நிரம்பியவர்கள் ரத்தத்தை உண்டாக்கும் மூலச்செல்லான ஸ்டெம்செல்லின் கொடையாளராகப் பதியுங்கள். இன்று கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவினால் போதும். பொருத்தம் கிடைத்தால், பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி. பிறகு கை ரத்தக்குழாய் வழியாகவே சில மணி நேரத்தில் செல்லைப் பிரித்தெடுப்பார்கள். ஆனால் வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நோயாளியின் மஜ்ஜையை மருந்தால் அழித்த பிறகு நீங்கள் பின்வாங்கினால், அந்தப் பிள்ளை பிழைப்பது அரிது. மேசை வாசலின் வலப்பக்கம் இருக்கிறது.