ரோடு இருக்கு, வண்டி இல்லை: தென்மேற்கு பிரான்ஸின் மேடுகளில் சைக்கிள்

[காட்சி: காலை ஏழு மணி. ஒரே ஒரு கார் போகிற அகலத்தில் தார் ரோடு. இரண்டு பக்கமும் சூரியகாந்தி. தூரத்தில் ஒரு சர்ச் கோபுரம்.]

பேசுறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் கேளுங்க.

[பத்து விநாடி பேச்சு இல்லை. செயின் ஓடும் சத்தம் மட்டும்.]

செயின் ஓடுது. மேலே எங்கேயோ ஒரு வானம்பாடி. அவ்வளவுதான். இது சைக்கிளுக்குன்னு தனியாப் போட்ட பாதை இல்லை. காரும் லாரியும் தாராளமா வரலாம். சாதாரண தார் ரோடு. நான் இதுல ஏறி நாற்பது நிமிஷம் ஆச்சு. இதுவரைக்கும் என்னைத் தாண்டிப் போனது ரெண்டே வண்டி. ஒண்ணு டிராக்டர், இன்னொண்ணு தபால்காரரோட மஞ்சள் வேன்.

இடம் ஜெர்ஸ். துலூஸ் நகரத்துக்கு மேற்கே இருக்கிற ஒரு டிபார்ட்மெண்ட், அதாவது மாவட்டம் மாதிரி. பரப்பு 6,257 சதுர கிலோமீட்டர். குடியிருக்கிறவங்க சுமார் 1,90,000 பேர். சதுர கிலோமீட்டருக்கு முப்பது பேர்னு வருது.

ஆள் குறைவான இடத்துல பொதுவா ரோடும் குறைவாத்தான் இருக்கும். இருக்கிற ஒரு ரோட்டுல எல்லா வண்டியும் வந்து சேரும். ஜெர்ஸ்ல அப்படி இல்லை. ஆள் கம்மி, ரோடு மட்டும் வலை பின்னின மாதிரி எங்க பார்த்தாலும் ஓடுது. சைக்கிள்காரங்களுக்கு இதைவிட என்ன வேணும்? ஆனா இது தானா அமைஞ்சது இல்லை.

[காட்சி: பழைய கிராம வரைபடம். சர்ச்சிலிருந்து எட்டுத் திசையிலும் மெல்லிய கோடுகள்.]

1836-ம் வருஷம், மே 21. அன்னிக்குப் பிரான்ஸ்ல ஒரு சட்டம் வருது. ஊர்ப் பாதைகளைப் பராமரிக்கிறது அந்தந்த கம்யூனோட, அதாவது ஊராட்சியோட, கட்டாயக் கடமைன்னு அந்தச் சட்டம் சொல்லிச்சு. பணம் பத்தலைன்னா ஊர் ஆம்பளைங்க வருஷத்துக்கு மூணு நாள் வரைக்கும் ரோட்டு வேலைக்கு வரணும். பதினெட்டுலேர்ந்து அறுபது வயசு வரைக்கும். வண்டியும் மாடும் குதிரையும் வெச்சிருக்கிறவங்க அதையும் ஓட்டிக்கிட்டு வரணும். குடிமராமத்துன்னு சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். அங்க குளம், இங்க ரோடு.

அந்த மாதிரி பல வருஷம் கல் சுமந்துதான் பண்ணையிலேர்ந்து சர்ச்சுக்கு, சர்ச்சுலேர்ந்து மாவு மில்லுக்கு, மில்லுலேர்ந்து சந்தைக்குன்னு ஒவ்வொரு பாதையும் உறுதியாச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னா, ஜனங்க கிளம்பிட்டாங்க. 1846-ல ஜெர்ஸோட மக்கள்தொகை மூணு லட்சத்துக்கும் மேல. பிழைப்புக்காக ஊரை விட்டவங்க, முதல் உலகப்போர்ல செத்துப்போனவங்க, டிராக்டர் வந்ததும் வயல்ல வேலை இல்லாமப் போனவங்க, எல்லாருமாச் சேர்ந்து ஜெர்ஸ் காலியாச்சு. ஆனா கம்யூன் எதுவும் பெருசாக் கலையலை. ஜெர்ஸ்ல மட்டும் இன்னிக்கும் சுமார் 460 கம்யூன் இருக்கு. பிரான்ஸ் முழுக்க ஏறத்தாழ 35,000. இருநூறு பேர் வாழ்ற ஊருக்கும் ஒரு மேயர் உண்டு. ஊர்க்கோடியில இருக்கிற கடைசிப் பண்ணைக்குத் தபால் வேன் போயாகணும், பள்ளிக்கூட பஸ் போயாகணும். அதனால அந்த ரோட்டுக்குத் தார் உண்டு.

நாடு முழுக்க இருக்கிற பத்து லட்சம் கிலோமீட்டருக்கு மேலான ரோட்டுல பாதிக்கு மேல இப்படிக் கம்யூன் பராமரிக்கிற ரோடுதான். இன்னொரு காரணமும் இருக்கு. தொலைதூர வண்டிகள் ஜெர்ஸுக்குள்ள பெரும்பாலும் வர்றதே இல்லை. வடக்குல ஏ 62, தெற்குல ஏ 64, ரெண்டு மோட்டார்வேயும் வெளியே கூட்டிக்கிட்டுப் போயிடுது.

[காட்சி: மேஜை மேல் விரித்த காகித மேப். விரல் ஒரு வெள்ளைக் கோட்டைத் தொட்டு நகர்கிறது.]

சரி, நல்ல ரோட்டை எப்படித் தேர்ந்தெடுக்கிறது? போனை நம்புறதுக்கு முன்னாடி ஒரு காகித மேப்பைப் பாருங்கன்னு நான் சொல்வேன். மிஷ்லின் டயர் கம்பெனி போடுற மேப்புல சிவப்பு, மஞ்சள், வெள்ளைன்னு ரோடுகள் இருக்கும். வெள்ளைதான் நம்ம ரோடு. அதோட ஓரத்துல பச்சைக் கோடு ஓடினா அழகான பாதைன்னு அர்த்தம். ரோட்டு மேல அம்புக்குறி மாதிரி சின்ன முனைகள் தெரிஞ்சா அது ஏத்தம். ஒரு முனைன்னா 5 சதவீதத்துக்கு மேல, ரெண்டுன்னா 9-க்கு மேல, மூணுன்னா 13-க்கு மேல. முனை பார்க்கிற திசைதான் ஏறுற திசை.

டிபார்ட்மெண்ட் ரோட்டு நம்பர் 'டி'-யில ஆரம்பிக்கும். மூணு இலக்கம்னா சின்ன ரோடு, அமைதியா இருக்கும்னு பல பேர் சொல்வாங்க. பெரும்பாலும் சரிதான். ஆனா ஒரு இடத்துல இந்தக் கணக்கு உதைக்கும். 1972-லயும் 2006-லயும் அரசாங்கம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தேசிய ரோடுகளை டிபார்ட்மெண்டுகள்கிட்ட ஒப்படைச்சுது. அதுல பலதுக்கு 900-ல ஆரம்பிக்கிற நம்பர் கொடுத்தாங்க. ஓஷ் நகரத்துலேர்ந்து தெற்கே லான்மெசான் ஊருக்குப் போற டி 929 அப்படி வந்ததுதான். நம்பரைப் பார்த்து ஏறினீங்கன்னா லாரி காத்துல ஆடிக்கிட்டேதான் போகணும். 9-ல ஆரம்பிச்சா யோசிங்க.

[காட்சி: மேலிருந்து எடுத்த நிலத்தோற்றம். விரித்த விசிறி போல ஆறுகள்.]

இப்ப நான் ரொம்ப ஆசையாச் சொல்லக் காத்திருந்த விஷயம். இந்த நிலத்தோட வடிவம்.

தெற்கே பைரனீஸ் மலை. அதோட அடிவாரத்துல லான்மெசான் பீடபூமி. மலையிலேர்ந்து அடிச்சுக்கிட்டு வந்த கல்லும் மண்ணும் பல பத்து லட்சம் வருஷமா இங்க கொட்டி விசிறி மாதிரிப் பரவியிருக்கு. அந்த விசிறியோட மடிப்புகள்லதான் ஆறுகள் ஓடுது. சாவ், ஜிமோன், அராட்ஸ், மாவட்டத்தோட அதே பேர்ல ஓடுற ஜெர்ஸ், பாயிஸ், எல்லாமே தெற்குலேர்ந்து வடக்கே. ஆத்தோரமா வடக்குத் தெற்காப் போனா ரோடு சமமா இருக்கும். கிழக்கு மேற்காப் போனா ஒவ்வொரு மடிப்பையும் ஏறி இறங்கணும். ஒரு மேடு எண்பது, நூறு மீட்டருக்கு மேல போகாது. பார்த்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா ஒரு நாளைக்குப் பத்து மேடு ஏறினா ஆயிரம் மீட்டர் ஆச்சு. சாயங்காலம் தொடை சொல்லும்.

அதோட இந்தப் பள்ளத்தாக்குகளோட ரெண்டு கரையும் ஒரே மாதிரி இல்லை. வலது கரை, அதாவது மேற்கைப் பார்த்த சரிவு, செங்குத்தா நிக்கும். இடது கரை, கிழக்கைப் பார்த்த சரிவு, நீளமா மெதுவா எழும். அப்ப கணக்குப் போடுங்க. மேற்குலேர்ந்து கிழக்கே போனா ஒவ்வொரு ஆத்தைத் தாண்டினதும் முன்னாடி செங்குத்துச் சுவர். கிழக்குலேர்ந்து மேற்கே போனா செங்குத்துல சட்டுன்னு இறங்கி, அந்தப் பக்கம் நிதானமா ஏறலாம். அதே ஊருகள், அதே தூரம், திசை மட்டும் வேற. நூறு மீட்டர் உயரத்தை ஒரு கிலோமீட்டர்ல ஏறுறது 10 சதவீதம். அதே உயரத்தை நாலு கிலோமீட்டர்ல ஏறினா 2.5 சதவீதம். முதல்ல சொன்னதுல பேச முடியாது. ரெண்டாவதுல பாடிக்கிட்டே போகலாம்.

லெக்தூர் ஊரைப் பாருங்க. செங்குத்துக் கரையோட உச்சியில உட்கார்ந்திருக்கு. கோட்டைச் சுவர்கிட்ட நின்னு மேற்கே பார்த்தா சுமார் நூறு மீட்டர் கீழே ஜெர்ஸ் ஆறு. அந்தப் பக்கம் வயல்கள் மெல்ல மெல்ல எழுந்துபோகும். எனக்குச் சுத்துறது எதுவா இருந்தாலும் லெக்தூர்லேர்ந்து மேற்கே இறங்கித்தான் ஆரம்பிக்கப் பிடிக்கும்.

[காட்சி: மேட்டு முதுகில் ஓடும் ரோடு. இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. அடிவானத்தில் வெள்ளை மலைத்தொடர்.]

மூணாவது வகை ரோடும் உண்டு. ரெண்டு பள்ளத்தாக்குக்கு நடுவுல மேட்டோட முதுகு மேலயே போறது. இது ரொம்பப் பழைய பழக்கம். தெனாரேஸ்னு ஒரு பழம்பாதை, ஒரு ஆத்தைக்கூடத் தாண்டாம மலையிலேர்ந்து வடக்கே போச்சுன்னு இங்க சொல்வாங்க. முதுகு ரோட்டுல ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டின தூரம் திறந்து கிடக்கும். மழை பெய்ஞ்சு வெளுத்த மறுநாள் தெற்கே பைரனீஸ் முழுசாத் தெரியும்.

கவனிக்க வேண்டியது சில இருக்கு. கோடையில 'கிராவியோன்'னு, அதாவது பொடிக்கல்னு, போர்டு பார்த்தா வேகத்தைக் குறைங்க. தாரைத் தெளிச்சு மேலே பொடிக்கல்லைக் கொட்டிட்டுப் போயிருப்பாங்க, வண்டிச் சக்கரம்தான் அதை அமுக்கணும். வண்டியே வராத ரோட்டுல அது எப்ப அமுங்கும்? ஒரு ஜூன் மாசம் இறக்கத்துல நான் பிரேக்கை அழுத்தின அந்த விநாடி, முன்சக்கரம் அப்படியே வழுக்கிருச்சு. முழங்கையிலேர்ந்து கல் எடுக்கவே அரைமணி நேரம்.

அடுத்தது வலது பக்க முன்னுரிமை. போர்டு எதுவும் இல்லாத சந்திப்புல வலது பக்கத்துலேர்ந்து வர்றவருக்குத்தான் வழி. அவர் வர்றது ஒரு சின்னச் சந்துலேர்ந்துன்னாலும் சரி, அவர் நிக்க வேண்டியதில்லை. கிராமத்துக்குள்ள இதை மறக்காதீங்க. ஊருக்கு வெளியே காரு உங்களைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடணும்னு சட்டம் இருக்கு. ஜெர்ஸ்ல பெரும்பாலும் அதைவிட அதிகமாவே விடுறாங்க.

[காட்சி: மூடிய பேக்கரிக் கதவு. பிறகு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கேட்.]

கடைசியாத் தண்ணி. மத்தியானம் பன்னிரண்டு ஆனா கிராமத்துக் கடை மூடிடும். திங்கள்கிழமை பல கடை திறக்கவே திறக்காது. பாட்டில் காலி, வெயில் மண்டையைப் பிளக்குது, தெருவுல ஒரு ஆள் இல்லைன்னா சர்ச் கோபுரத்தைத் தேடுங்க. கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் பக்கத்துலதான் இருக்கும். பூச்செடிக்கு ஊத்த உள்ளே ஒரு குழாய் வெச்சிருப்பாங்க. 'ஓ நோன் போத்தாப்ள்'னு போர்டு இருந்தா அது குடிக்கிற தண்ணி இல்லை, விட்டுடுங்க. இல்லைன்னா கொஞ்ச நேரம் ஓடவிடுங்க, முதல்ல சூடா வரும், அப்புறம் குளிரும். தொப்பியை நனைச்சுக்கோங்க. பாட்டிலை நிரப்பிக்கிட்டு, வெளியே வரும்போது அந்த இரும்புக் கேட்டைச் சத்தம் வராம சாத்திட்டுக் கிளம்புங்க.