வாய் வரையாத பொம்மை: வகுப்பறையில் பொம்மலாட்டம்

(காட்சி: காரைக்குடிப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. தரையில் பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டுகள், பஞ்சு, ஊசி நூல்.)

வணக்கம். பொம்மலாட்டம் என்றதும் கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து மரப்பொம்மைகள்தான் ஞாபகம் வரும். சில பொம்மைகள் 10 கிலோ கனம் இருக்கும். ஆட்டுபவர் தலையில் வளையம் மாட்டி, அதில் நூலைக் கட்டி, கையில் கம்பியும் பிடித்து ஆட்டுவார். நம் வகுப்புக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு கைப்பொம்மை போதும்.

(காட்சி: கை மட்டும், மிக அருகில்.)

துணியில் பஞ்சை வைத்து உருட்டினால் தலை. ஆள்காட்டி விரல் நுழைய நடுவில் ஓர் அட்டைக் குழாய். கீழே கட்டம் போட்ட கண்டாங்கித் துணி, சட்டை மாதிரி. கட்டைவிரல் ஒரு கை, நடுவிரல் இன்னொரு கை. கண்ணுக்கு இரண்டு பொத்தான். அவ்வளவுதான், வாய் வரையாதீர்கள்! சிரித்த வாயை வரைந்துவிட்டால் அந்தப் பொம்மை அழவே முடியாது. வாய் இல்லாவிட்டால், தலையைக் குனிய வைத்தால் அழும், நிமிர்த்தினால் வீம்பு பிடிக்கும். மீதியைப் பிள்ளையே மனசுக்குள் வரைந்துகொள்ளும்.

சரி, எப்படிப் பேச வைப்பது? நீங்கள் பிள்ளைகளைப் பார்க்காதீர்கள், பொம்மையைப் பாருங்கள். உங்கள் கண் போகும் இடத்துக்குத்தான் அவர்கள் கண்ணும் வரும். பொம்மை உங்கள் காதில் ஏதோ சொல்லட்டும். "அப்படியா!" என்று நீங்கள் ஆச்சரியப்பட்டாலே வகுப்பு அடங்கிவிடும்.

(காட்சி: இரண்டாம் வகுப்பு. வாயே திறக்காத ஒரு சிறுமியின் கையில் பொம்மை.)

டீச்சர் கேட்டால் பேசாத பிள்ளை, பொம்மை பேசுவதாக நினைத்துப் பேசிவிடும். தப்பாகச் சொன்னாலும் அது பொம்மை சொன்னதுதானே!

"அப்பத்தா வீட்டு வளவுல மழை பெய்யுது. மீனெல்லாம் வந்திருச்சு."

வளவு என்றால் வீட்டுக்கு நடுவே, தூண்கள் சூழ்ந்த முற்றம். இந்த இடத்தில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். "வளவுக்குள்ளே மீன் எப்படி வரும்?" என்று திருத்தினால் கதை அங்கேயே நின்றுவிடும். "எத்தனை மீன்?" என்று கேட்டால் கணக்குப் பாடம் ஆகிவிடும். "அப்பத்தா என்ன சொன்னாங்க?" என்று பொம்மையிடம் கேளுங்கள்.

"தூணைப் பிடிச்சுக்க, மீன் இழுத்துட்டுப் போயிரும்னாங்க!"

அப்புறம் பக்கத்துப் பையனின் பொம்மை தானாகவே குதித்து வரும், மீன் பிடிக்க.

பாடம் முடிந்ததும் பொம்மைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். ஓர் ஓலைக் கொட்டானில் போட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வையுங்கள். சாப்பாட்டு மணி அடித்த பிறகு அவர்களே எடுத்து ஆட்டுவார்கள். அப்போது நாம் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.